காரைக்குடி வீட்டிலிருந்து அமெரிக்க டீமுக்கு வேலை பார்க்கும்போது

முதலில் கடிகாரம். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அங்கே நேரம் மாறும். காலண்டர் அழைப்பை நியூயார்க் நேரத்திலேயே போட்டால் மீட்டிங் தானாக நகர்ந்துகொள்ளும்.

மதியம் 2 முதல் இரவு 10.30 வரைதான் வேலை என்று டீமுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாய்ச்சொல்லோடு விட்டால் நள்ளிரவிலும் ‘ஒரு நிமிஷம்’ என்று கூப்பிடுவார்கள். லேப்டாப்பை மூடும் முன் மறுநாளின் முதல் வேலையை ஒரு வரியில் எழுதி வையுங்கள். படுத்த பிறகு தலைக்குள் கோட் ஓடுவது குறையும்.

பழைய வீடுகளில் பெரிய சிக்கல் சுவர்தான். ரவுட்டர் முகப்பில் இருந்தால், அந்தக் கனத்தைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு (வீட்டின் உள்பகுதிக்கு) வைஃபை சரியாக வராது. கேட்-6 நெட்வொர்க் கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். தயவுசெய்து சுவரைத் துளைக்காதீர்கள். அந்தச் சுண்ணாம்புப் பூச்சு உடைந்தால் அதே மெருகில் பூச ஆள் கிடைப்பது கஷ்டம். கதவு நிலைக்கு மேலே, உத்திரத்தை ஒட்டிக் கொண்டுபோகலாம்.

மின்தடைக்கு 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர்) பேட்டரி போதும். லேப்டாப், ரவுட்டர், ஒரு ஃபேன் சேர்ந்து 150 வாட் இழுத்தால், பேட்டரியைப் பாதிக்கு மேல் வற்றவிடாமலே 5 மணி நேரம் ஓடும். தண்ணீர் அளவை மாதம் ஒருமுறை பாருங்கள்.

நகரத்தார் கொண்டாடும் பிள்ளையார் நோன்பு திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள். இழை (நூல்திரி ஏற்றிய மாவு) எடுக்கும் சாயங்காலம்தான் அமெரிக்க டீமுக்கு வேலை தொடங்கும் நேரம்; ஒரு மாதம் முன்பே லீவு போட்டுவிடுங்கள்.