இந்தியன் ஆயில் "பசுமை"ன்னு சொல்றத நீங்களே கணக்கு போட்டுப் பாக்குறது எப்படி

எங்கப்பா வாங்கிப் போட்ட கொஞ்சம் இந்தியன் ஆயில் ஷேர் இப்ப என் பேர்ல இருக்கு, அதனால வருஷா வருஷம் ஆண்டறிக்கை பிடிஎஃப் மெயில்ல வந்து விழும். மொதல்ல எல்லாம் டிவிடெண்ட் எவ்வளவுன்னு மட்டும் பாத்துட்டு மூடிடுவேன். அப்புறம் ஒரு நாள் அக்கா பொண்ணு காலேஜ் ப்ராஜெக்ட்டுக்காக உக்காந்து படிச்சிட்டு இருந்தவ, "மாமா, 2046-ல நெட் ஜீரோன்னு போட்டிருக்காங்களே, அப்ப அதுக்கப்புறம் பெட்ரோல் விக்க மாட்டாங்களா?"ன்னு கேட்டா. நெட் ஜீரோன்னா விடுற கார்பன் புகைய குறைச்சு, மிச்சத்தை வேற வழியில ஈடு கட்டி, கணக்கைப் பூஜ்யமாக்குறதுன்னு தெரியும், ஆனா அவ கேட்டதுக்குப் பதில் தெரியல. அன்னைக்கு ராத்திரி உக்காந்து படிக்க ஆரம்பிச்சதுதான், இப்ப அந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கணும்னு ஒரு வழி பிடிபட்டிருக்கு, அதைத்தான் இங்க எழுதுறேன். ஒரு கால்குலேட்டரும் ஒரு மணி நேரமும் போதும், ஷேர் இருக்கணும்னு கூட அவசியம் இல்ல, கம்பெனி வெப்சைட்லயே ரிப்போர்ட் ஓசியா கிடைக்கும்.

கம்பெனி என்ன பண்ணுதுன்னு ஒரு சின்ன படம் மனசுல இருக்கணும். 1959-ல ஆரம்பிச்ச இந்தியன் ஆயில் கம்பெனியையும் அதுக்கு முந்தின வருஷம் ஆரம்பிச்ச இந்தியன் ரிஃபைனரீஸையும் 1964-ல ஒண்ணா சேத்ததுதான் இன்னைக்கு இருக்குற கார்ப்பரேஷன். பாதிக்கு மேல, 51.5 சதவீதம், மத்திய அரசு கையில இருக்கு. அசாம்ல திக்பாய்னு ஒரு ரிஃபைனரி, 1901-ல இருந்து ஓடுது, அதுல ஆரம்பிச்சு ஒடிசா பாராதீப் வரைக்கும் சொந்த ரிஃபைனரிகள், கூடவே பைப்லைன், கேஸ் சிலிண்டர், விமான எரிபொருள், பங்க். நம்ம சென்னை மணலில இருக்குற சிபிசிஎல் (சென்னை பெட்ரோலியம்) இதோட துணைக் கம்பெனி, வருஷத்துக்கு 1.05 கோடி டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்குற திறன் அதுக்கு. குரூப் மொத்தமும் சேத்தா 8 கோடி டன்னுக்குக் கொஞ்சம் மேல. இந்த 8 கோடிய மட்டும் மறக்காதீங்க, பின்னாடி வேணும்.

மொத வேலை: யாரோட புகைன்னு கேளுங்க

பிடிஎஃப்ப திறந்ததும் கலர் போட்டோ, சேர்மன் கடிதம் எல்லாத்தையும் தாண்டி நேரா போய் "பி.ஆர்.எஸ்.ஆர்" (BRSR)னு தேடுங்க. பங்குச்சந்தைய மேற்பார்க்குற செபி 2022-23-ல இருந்து பங்குச்சந்தையில இருக்குற பெரிய 1,000 கம்பெனிக்கும் கட்டாயமாக்குன பொறுப்பு அறிக்கை அது. விளம்பர ஆளுங்க எழுதுற பக்கம் இல்ல, கேட்ட கேள்விக்கு கட்டத்துல நம்பர் நிரப்பணும், இந்த வருஷத்துக்கு ஒரு கட்டம், போன வருஷத்துக்கு ஒரு கட்டம். அதுல ஒம்பது கொள்கை இருக்கும், 6-வது கொள்கை சுற்றுச்சூழல். உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் அங்கதான்.

ஆனா அதுக்கு முன்னாடி அறிக்கையோட ஆரம்பத்துலயே "ரிப்போர்ட்டிங் பவுண்டரி"ன்னு ஒரு வரி வரும். தனிக் கம்பெனிக்கா, குரூப்புக்காங்கற கேள்வி அது. தனிக் கம்பெனின்னு போட்டிருந்தா மணலி புகை இந்தக் கணக்குல வராது, அதுக்கு சிபிசிஎல்லோட சொந்த ஆண்டறிக்கைய தனியா எடுக்கணும். சென்னையில இருக்குறவங்க இந்த ஒரு வரிய தாண்டிப் போயிடாதீங்க, நான் மொத வருஷம் தாண்டிட்டு மணலியும் இதுக்குள்ளதான் இருக்குன்னு நினைச்சு முழுக் கணக்கையும் தப்பா போட்டேன்.

இப்ப புகை. ஸ்கோப் 1-ன்னா கம்பெனி தன் சொந்த அடுப்புல, பாய்லர்ல, ஃபிளேர்ல (மிச்ச வாயுவ எரிக்குற உயரமான குழாய்) எரிச்சு விடுறது. ஸ்கோப் 2-ன்னா வெளிய இருந்து வாங்குற கரண்டுக்காக எங்கயோ ஒரு பவர் பிளான்ட்ல வர்ற புகை. ஸ்கோப் 3-ன்னா மத்தது எல்லாம், அதுல பெரிசு, வித்த பெட்ரோலையும் டீசலையும் நீங்களும் நானும் எரிக்குறப்ப வர்றது. 2022 ஆகஸ்ட்ல நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துல அப்போதைய சேர்மன் வைத்யா அறிவிச்ச 2046 நெட் ஜீரோ, ஸ்கோப் 1, 2 ரெண்டுக்கும் மட்டும்தான். அக்கா பொண்ணு கேட்ட கேள்விக்கு பதில் இங்கயே வந்துடுச்சு: 2046-க்கு அப்புறமும் பெட்ரோல் விக்கலாம், காய்ச்சுற இடத்துல மட்டும் புகை கணக்கு பூஜ்யத்துக்கு வரணும்.

இதுல எது எவ்வளவு பெரிசுன்னு தெரிஞ்சாத்தான் விஷயம் புரியும், அதனால கணக்கு போடுவோம். அந்த 2022 அறிவிப்பப்ப சொந்த செயல்பாட்டுல வர்ற புகை வருஷத்துக்கு ஏறக்குறைய 2.15 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்கு சமம்னு கம்பெனியே சொல்லிச்சு. விக்கிற சரக்கு வருஷத்துக்கு சுமார் 10 கோடி டன். ஒரு டன் பெட்ரோலோ டீசலோ எரிஞ்சா சுமார் 3 டன் கார்பன் டை ஆக்சைடு வரும். பெருக்குங்க, 30 கோடி டன். ரோட்டுக்குப் போற தாரு, பிளாஸ்டிக்குக்குப் போற நாஃப்தான்னு எரியாததைக் கழிச்சாலும் சொந்தப் புகைய விட பத்து மடங்குக்கு மேலதான் நிக்கும்.

இதைச் சொன்னப்ப அக்கா பொண்ணு நம்பல, "ஒரு டன் எண்ணெய்ல இருந்து எப்படி மாமா மூணு டன் புகை வரும்?"னு கேட்டா. நல்ல கேள்வி அது. பைக்ல 5 லிட்டர் பெட்ரோல் போட்டா அதோட எடை நாலு கிலோ கூட வராது, ஆனா அது எரிஞ்சு வர்ற கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு 2.3 கிலோன்னு பாத்தா பதினொன்றரை கிலோ. மிச்ச எடை காத்துல இருக்குற ஆக்சிஜன், கார்பன் எரியுறப்ப அதைப் புடிச்சு கூட சேத்துக்குது. நோட்டுல அவளே ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தா.

பி.ஆர்.எஸ்.ஆர்-ல ஸ்கோப் 1, 2 கட்டாயப் பகுதி. ஸ்கோப் 3 விருப்பப் பகுதியில வரும். எந்த எண்ணெய்க் கம்பெனி ரிப்போர்ட்டா இருந்தாலும் அந்த விருப்பப் பகுதிக்கு மறக்காம போங்க. நம்பர் இருக்கா, இருந்தா அதுல "வித்த பொருள் எரியுறது" சேந்திருக்கா இல்ல ஆபீஸ் ஆளுங்க ஃபிளைட்ல போனது மட்டும்தானா, இதைப் பாத்தாலே போதும்.

அடுத்து, "குறைஞ்சிருக்கு"ன்னா எதால வகுத்து?

இதுலதான் நிறைய பேர் ஏமாந்துடுறாங்க. பி.ஆர்.எஸ்.ஆர்-ல "ஒரு ரூபா விற்பனைக்கு எவ்வளவு புகை"ன்னு ஒரு வரி இருக்கும், அது செபி கேக்குற வரி, தப்பு இல்ல. ஆனா எண்ணெய்க் கம்பெனிக்கு இது சரியான அளவுகோல் இல்லங்கறதுதான் என் கருத்து. உதாரணத்துக்கு ஒரு கம்பெனி 100 டன் புகை விட்டு 1,000 ரூபாய்க்கு விக்குதுன்னு வச்சுக்கோங்க, ரூபாய்க்கு 0.1. அடுத்த வருஷம் கச்சா எண்ணெய் விலை ஏறிடுச்சு, அதே சரக்கு 1,500 ரூபாய்க்குப் போகுது, புகை 110 டன்னா கூடிடுச்சு. வகுத்தா 0.073, அதாவது 27 சதவீதம் "குறைஞ்சிருக்கு". புகை கூடியிருக்கு, பேப்பர்ல குறைஞ்சிருக்கு. விலை இறங்குற வருஷம் இதே கணக்கு கம்பெனிக்கு எதிரா திரும்பும், அப்ப உண்மையிலயே நல்லா பண்ணியிருந்தாலும் மோசமா தெரியும்.

அதனால நீங்க வகுக்க வேண்டியது சுத்திகரிச்ச கச்சா எண்ணெயோட டன்னால. இயக்குநர்கள் அறிக்கையில "த்ரூபுட்"னு தேடுங்க, கிடைக்கும். மொத்தப் புகைய அதால வகுத்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு நோட்டுல எழுதிக்கோங்க, பக்கத்துலயே மொத்தப் புகைய வகுக்காம அப்படியே எழுதுங்க. ரிஃபைனரிக்காரங்க எரிபொருள் செலவ "எம்பிஎன்" (MBN)னு ஒரு எண்ணால பேசிப்பாங்க, அது எங்கயாவது கண்ல பட்டா அதையும் குறிச்சுக்கோங்க, குறைஞ்சா அடுப்பு சிக்கனமா எரியுதுன்னு அர்த்தம். டன்னுக்கு குறையுது, மொத்தம் கூடுதுன்னா ரிஃபைனரி பெரிசாகுதுன்னு புரிஞ்சுக்கலாம். பெரிசாகத்தான் செய்யுது: பானிபட் 1.5 கோடியில இருந்து 2.5 கோடி டன்னுக்கும், குஜராத் கொயாலி 1.37-ல இருந்து 1.8 கோடிக்கும், பீகார் பரௌனி 60 லட்சத்துல இருந்து 90 லட்சத்துக்கும் விரிவாக்க வேலை. அந்த 8 கோடிய நினைவு வச்சிருக்கீங்கல்ல, அதோட சேத்துப் பாருங்க.

மூணாவது, ஒவ்வொரு பசுமைத் திட்டத்தையும் மொத்தத்தால வகுங்க

எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இதுதான். பானிபட்ல வருஷத்துக்கு 10,000 டன் பசுமை ஹைட்ரஜன் பிளான்ட், 2025-ல எல் அண்ட் டி குழுமத்துக்கு வேலை கொடுத்தாங்க. ஹைட்ரஜன் எதுக்குன்னா, டீசல்ல இருக்குற கந்தகத்தை எடுக்க. 2020 ஏப்ரல் 1-ல இருந்து நாடு முழுக்க பிஎஸ்-6ங்கற வண்டிப் புகை விதி வந்தப்ப எரிபொருள்ல கந்தகம் பத்து லட்சத்துல 50 பங்குல இருந்து 10 பங்கா இறங்குச்சு. நம்ம ரோட்டுக் காத்துக்கு இது பெரிய நல்லது, அதை மனசாரச் சொல்லணும். ஆனா கந்தகம் எடுக்க கூடுதல் ஹைட்ரஜன் வேணும், அந்த ஹைட்ரஜன இயற்கை எரிவாயுவ நீராவியோட உடைச்சுத்தான் செய்றாங்க, கிலோவுக்கு 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிய போகுது. அதாவது சைலன்ஸர் சுத்தமாக சுத்தமாக ரிஃபைனரி அதிகமா மூச்சு வாங்குது.

இப்ப வகுங்க. 10,000 டன்ன பத்தால பெருக்குனா ஒரு லட்சம் டன் புகை மிச்சம். 2.15 கோடியில ஒரு லட்சம்னா அரை சதவீதம் கூட தேறாது. அதுக்கே கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல கரண்ட் ஆகும், மொத்தம் 50 கோடி யூனிட், ஒரு மெகாவாட் சோலார் வருஷத்துக்கு 15, 16 லட்சம் யூனிட் தரும்னு வச்சா 300 மெகாவாட்டுக்கு மேல பேனல் வேணும். இதுக்காக இந்தத் திட்டம் வேண்டாம்னு நான் சொல்ல வரல, இதுமாதிரி இன்னும் எத்தனை வேணும்னு இந்தக் கணக்கு காட்டுது, அவ்வளவுதான்.

பானிபட்லயே வைக்கோல்ல இருந்து எத்தனால் எடுக்குற 2ஜி (ரெண்டாம் தலைமுறை) ஆலை, 2022 ஆகஸ்ட் 10-ல பிரதமர் அர்ப்பணிச்சது. வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோல் வாங்கி 3 கோடி லிட்டர் எடுக்குறதுதான் திட்டம். வயல்ல கொளுத்துற வைக்கோலுக்கு ஒரு விலை கிடைக்குதே, அது பெரிய விஷயம். ஆனா பெட்ரோல்ல 20 சதவீதம் கலக்க நாட்டுக்கு ஒரு வருஷத்துக்கு ஏறக்குறைய 1,000 கோடி லிட்டர் எத்தனால் வேணும், அதுல இது 0.3 சதவீதம், மிச்சம் கரும்புல இருந்தும் மக்காச்சோளத்துல இருந்தும் அரிசியில இருந்தும் வருது. அதனால "எத்தனால்"னு ரிப்போர்ட்ல பாத்தா எதுல இருந்து எடுத்ததுன்னு பிரிச்சுப் பாருங்க.

நம்ம ஊர்லயும் ஒண்ணு இருக்கு. நாமக்கல் புதுச்சத்திரத்துல கோழி எருவுல இருந்தும் சர்க்கரை ஆலைக் கழிவுல இருந்தும் வாயு எடுத்து, சுத்தப்படுத்தி, அழுத்தி இந்தியன் ஆயில் பெட்ரோல் பங்க்குக்கு அனுப்புற ஆலை. 2018 அக்டோபர்ல ஆரம்பிச்ச "சதத்" (SATAT)ங்கற மத்திய அரசு திட்டத்துல வருது, கழிவுல இருந்து வண்டிக்கு வாயு எடுக்குறதுக்கானது அது. கோழிப்பண்ணை இருக்குற பக்கம் பஸ்ல போனவங்களுக்குத் தெரியும், ஜன்னல மூடுனாலும் அந்த நாத்தம் உள்ள வரும். அந்த எருவ மூடுன தொட்டியில புளிக்க வச்சா மீத்தேன் வரும், அதுல இருக்குற ஹைட்ரஜன் சல்ஃபைடையும் கார்பன் டை ஆக்சைடையும் எடுத்துட்டு 90 சதவீதத்துக்கு மேல மீத்தேன் இருக்குற மாதிரி ஆக்கித்தான் வண்டிக்குக் கொடுக்கணும், மிச்சம் நிக்குறது வயலுக்கு உரம். அளவு சின்னதுதான், ஆனா எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட மனசுக்கு நெருக்கமா படுது, ஏன்னா இங்க எருவும் நம்மூருது, வாயுவும் நம்மூருது.

அறிவிப்புகளைப் படிக்குறப்ப வினைச்சொல்ல பாருங்க. "ஒப்பந்தம் கையெழுத்து", "போர்டு ஒப்புதல்", "அடிக்கல்", "கமிஷன்டு" (ஓட ஆரம்பிச்சாச்சு) நாலும் வேற வேற. நோட்டுல பக்கத்துல பக்கத்துல நாலு கட்டம் போட்டு ஒவ்வொரு திட்டத்தையும் அதுல எழுதுங்க, வருஷா வருஷம் எது வலது பக்கம் நகருதுன்னு பாருங்க. பாராதீப் ரிஃபைனரிக்கு 2000-ல வாஜ்பாய் அடிக்கல் போட்டாரு, நாட்டுக்கு அர்ப்பணிச்சது 2016-ல. நாகப்பட்டினத்துல 90 லட்சம் டன் ரிஃபைனரிக்கு 2021 பிப்ரவரியில அடிக்கல் ஆச்சு, ஆலை இன்னும் வரல. பழைய மாதிரி எண்ணெய் வேலைக்கே இவ்வளவு காலம் ஆகும்னா, அரசு மின் கம்பெனி என்டிபிசியோட சேந்து சூரிய மின்சாரம், ஹைட்ரஜன் பஸ், சமையல் எண்ணெய்க் கழிவுல இருந்து விமான எரிபொருள்னு வர்ற புது வேலைகளை எந்தக் கட்டத்துல எழுதுறதுன்னு கவனமா பாக்கணும். சோலார்னா மெகாவாட் நிறுவுனதா, அறிவிச்சதான்னு தனியா.

கடைசியா, சந்தேகம் வந்தா கேளுங்க. ஷேர் ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்துல பேச உரிமை உண்டு, கூட்ட அறிவிப்புல பேச்சாளரா பதிவு பண்ண மெயில் முகவரியும் கடைசி தேதியும் இருக்கும், அந்தத் தேதிய விட்டுடாதீங்க. ஷேர் இல்லாதவங்க தகவல் அறியும் சட்டத்துல கேக்கலாம், பொதுத்துறை கம்பெனிங்கறதால இது அதுக்குள்ள வரும், கட்டணம் 10 ரூபா, மத்திய அரசு ஆர்டிஐ தளத்துலயே போடலாம், 30 நாள்ல பதில் வரணும். "ஏன் குறைக்கல?"னு கேட்டா பதில் வராது, ஏன்னா அவங்க கொடுக்க வேண்டியது கையில இருக்குற ஆவணத்தை மட்டும்தான். வணிக ரகசியம்னு 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால கேள்விய இப்படி எழுதுங்க: "கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஒவ்வொரு சுத்திகரிப்பு ஆலையிலும் பயன்படுத்தப்பட்ட ஹைட்ரஜனின் மொத்த அளவையும், அதில் பசுமை ஹைட்ரஜனின் அளவையும் டன்னில் ஆலை வாரியாகத் தரவும்." அக்கா பொண்ணு இதே வாசகத்தைத்தான் போன வாரம் அவ பேர்ல போட்டிருக்கா.