மரச்சட்ட வீட்டில் முதலில் மூட்டுகளைப் பாருங்கள்

ஐரோப்பிய நகரங்களில் புதுப்பித்துக் காட்சிக்கு வைத்திருக்கும் பழைய மரச்சட்ட வீட்டுக்குப் போனால், உள்ளே இருக்கும் சாமான்களை அப்புறம் பார்க்கலாம். முதலில் தூணும் உத்தரமும் சேரும் இடத்தைக் கவனியுங்கள். ரோமன் எண் போன்ற உளிக்கீறல்கள் பல வீடுகளில் தென்படும். தச்சர்கள் சட்டங்களைப் பட்டறையில் கோத்துப் பார்த்து, பிரித்து, மனையில் மறுபடி நிறுத்தினார்கள். எந்தக் கட்டை எதோடு சேரும் என்பதற்கான அடையாளம் அது. நேர்க்கோடுகள்தான் உளிக்குச் சுலபம். மூட்டை இறுக்குவதும் பெரும்பாலும் மரமுளைதான், இரும்பாணி அல்ல.

கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் கீறல் பளிச்சென்று தெரியும். டார்ச் அடிக்கலாமா என்று ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கூரான குதிகால் செருப்பு வேண்டாம், பழைய பலகைத் தரை பள்ளமாகிவிடும். வாசல்கள் தாழ்வாக இருக்கும், தலை பத்திரம்!