மவுஸைக் கழற்றியவர்கள் செய்யும் தவறுகள்

சென்னை மண்ணடியில் நான் கணக்கு எழுதும் இரும்புக் கடையில் சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் காலை மவுஸ் அசையவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஒயரை எலி கடித்து வைத்திருக்கிறது. “எலியை எலியே கடிச்சிடுச்சா” என்று முதலாளி அன்று முழுவதும் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தார். புது மவுஸ் வாங்கித் தரத்தான் ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரம் கீபோர்டை மட்டும் வைத்து ஓட்டினேன். முதல் இரண்டு நாள் அழாத குறை. ஐந்தாம் நாள், வழக்கமாக ஏழு மணிக்கு முடிகிற வேலை ஆறு மணிக்கே முடிந்துவிட்டது. புது மவுஸ் வந்த பிறகும் கை அதைத் தேடவில்லை.

இப்போது வருஷத்துக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் பி.காம். முடித்த கையோடு என்னிடம் வேலை பழக வருகிறார்கள். கொருக்குப்பேட்டை, காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள். சிலர் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவர்கள், விரல் சும்மா பறக்கும். ஆனாலும் நான் செய்த அதே தவறுகளை, ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறார்கள். போன வாரம் ஒரு தம்பி செய்ததைப் பார்த்ததும் பழைய காயம் கிளறிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேப்ஸ் லாக்கைப் போட்டுவிட்டுப் பாஸ்வேர்ட் அடிப்பது, நம்பர் லாக்கை அணைத்துவிட்டு எண் வரவில்லை என்று முழிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானாகச் சரியாகிவிடும். நான் சொல்வதெல்லாம் விண்டோஸ் கணினிக்கு.

மவுஸைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பழகுவது

கழற்றி டிராயருக்குள் போடுங்கள்.

ஷார்ட்கட் பட்டியலை மனப்பாடம் செய்வது

நூறு ஷார்ட்கட் அச்சடித்த தாளைச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். பத்து நாளில் தாள் பழுத்ததுதான் மிச்சம். முதல் மாதத்துக்குச் சிலவே போதும். டேப் அடுத்த இடத்துக்கு, ஷிஃப்ட்-டேப் முந்தைய இடத்துக்கு, ஆல்ட்-டேப் அடுத்த விண்டோவுக்கு. கட்டத்தில் டிக் போட ஸ்பேஸ், லிங்க்கைத் திறக்க எண்டர். ரைட் கிளிக் வேண்டிய இடத்தில் ஷிஃப்ட்-எஃப்10. ஆல்ட்டைத் தனியாக ஒரு தட்டு தட்டினால் எக்செல், வேர்ட் மெனுவில் ஒவ்வொன்றின் மேலும் அதற்கான எழுத்து தெரியும். அதைப் பார்த்துப் பார்த்தே மற்றதெல்லாம் வந்துவிடும்.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வட்டப் பொத்தான்கள் நாலைந்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வினோதம். டேப் அந்தக் கூட்டத்துக்குள் ஒரே ஒரு தடவைதான் நுழையும், உள்ளே நகர ஆரோ கீதான். இது தெரியாமல் டேப்பை அடித்துக்கொண்டே இருந்து “இரண்டாவது ஆப்ஷனுக்குப் போகவே மாட்டேங்குதுக்கா” என்று கேட்காத பிள்ளை இல்லை.

நிற்கும் இடம் பார்க்காமல் டவுன் ஆரோவைத் தட்டுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. செய்தது நான்தான் என்பதால் இரட்டை எரிச்சல்.

அப்போது எங்கள் கடையில் பில் போடுவது பிரவுசருக்குள் ஓடும் ஒரு சாஃப்ட்வேரில். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் உள்ள ஒரு பார்ட்டிக்குக் கம்பி போகிறது. சரக்கு மதிப்பு 1,84,000 ரூபாய், வரி 18 சதவீதம். எல்லாம் அடித்தேன். சரக்கு எந்த மாநிலத்துக்கு என்று கேட்கும் பெட்டியில் 33 என்று தட்டினேன், தமிழ்நாடு வந்து நின்றது. மொத்தத் தொகை பக்கத்தின் அடியில் இருக்கும். அதைப் பார்க்கலாம் என்று டவுன் ஆரோவை ஒரு தட்டு தட்டினேன். பக்கம் நகரவில்லை. நெட் இழுக்கிறது போல என்று நினைத்து, டேப் அடித்துக் கீழே போனேன், தொகையைப் பார்த்தேன், சேமித்தேன், பிரிண்ட் எடுத்து டிரைவர் கையில் கொடுத்தேன்.

பக்கம் நகரவில்லைதான். பெட்டிக்குள் மாநிலம் நகர்ந்திருந்தது. ஜிஎஸ்டி மாநில எண்களில் 33-க்கு அடுத்தது 34. 34 என்றால் புதுச்சேரி.

ஜிஎஸ்டி தெரியாதவர்களுக்காக: தமிழ்நாட்டுக்குள் விற்றால் வரி பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு என்று இரண்டாகப் பிரியும். வெளி மாநிலம் என்றால் மொத்தமும் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாக விழும். என் பில்லில் 16,560, 16,560 என்று இரண்டாக வர வேண்டியது 33,120 என்று ஒன்றாக வந்துவிட்டது. மொத்தம் இரண்டிலும் 2,17,120 தான். நான் கீழே போய்ச் சரிபார்த்ததும் அந்த மொத்தத்தைத்தான்! தொகை ஒரு ரூபாய் மாறியிருந்தாலும் அன்றைக்கே பிடித்திருப்பேன்.

அடுத்த மாதம் 11-ஆம் தேதி, விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1 போனது. 20-ஆம் தேதி, வரி கட்டும் மாதக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி போட்டு வரியும் கட்டியாயிற்று. அதற்கு இரண்டு நாள் கழித்துச் சாத்தாங்காட்டிலிருந்து போன். “இன்னா மேடம், நாங்க எப்ப பாண்டிச்சேரிக்குக் குடி போனோம்?”

போட்ட 3பியைத் திருத்த முடியாது. தப்பான பில்லின் தொகையைக் கழிக்கும் கிரெடிட் நோட் போட்டு, புதுப் பில் போட்டு, ஐஜிஎஸ்டியாகக் கட்டியதை அடுத்த மாதக் கணக்கில் நேர் செய்யும் வரைக்கும் மத்திய வரி, மாநில வரி இரண்டுக்கும் கையிலிருந்து பணம் போட வேண்டியிருந்தது. சாத்தாங்காட்டுக்காரர்களின் ஆடிட்டர் புதுப் பில் தன் பக்கம் தெரியும் வரை பணத்தை விட மாட்டேன் என்று நின்றார். ஆறு வாரம் இழுத்தது. முதலாளி திட்டவில்லை. தினமும் காலையில் “பாண்டிச்சேரி பணம் வந்துச்சாம்மா” என்று மட்டும் கேட்பார். திட்டியிருந்தால் தேவலை.

சரி, ஏன் இப்படி ஆகிறது? திரையில் எப்போதும் ஏதோ ஓர் இடம் உங்கள் விசைக்காகக் காது கொடுத்துக்கொண்டிருக்கும். அதைத்தான் ஃபோகஸ் என்கிறார்கள். மின்னும் கர்சரும் இதுவும் ஒன்றல்ல. பொத்தானிலும், பட்டியலிலிருந்து ஒன்றை எடுக்கும் தேர்வுப் பெட்டியிலும் கர்சர் மின்னாது, ஃபோகஸ் மட்டும் இருக்கும். மவுஸ்காரருக்கு இந்தக் கவலை கிடையாது, பார்த்துத்தான் கிளிக் செய்கிறார். நமக்கோ ஒரே டவுன் ஆரோ வெறும் பக்கத்தில் பக்கத்தை நகர்த்தும், எழுத்துப் பெட்டியில் சும்மா இருக்கும், தேர்வுப் பெட்டியில் சத்தமில்லாமல் விடையை மாற்றிவிடும். பெட்டி திறந்திருக்கக்கூட வேண்டாம். பேஜ் டவுன், ஹோம், எண்ட் மூன்றும் இதே வேலையைச் செய்யும். பேஜ் டவுன் ஒரே தாவலில் பல மாநிலம் தாண்டும்.

பெட்டியைச் சுற்றி ஒரு கோடு வருமே, அதுதான் நமக்கு இருக்கும் ஒரே துப்பு. அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று இணையதளங்களுக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறையே சொல்கிறது. ஆனாலும் பார்க்க அழகாக இல்லை என்று அதை அழித்துவிட்ட தளங்கள் ஏராளம். அந்த மாதிரிப் பக்கத்தில் நீங்கள் இருட்டு அறையில் சுவிட்ச் தேடுகிறீர்கள்.

நான் இப்போது செய்வது இதுதான். தேர்வுப் பெட்டிக்கு வந்ததும் ஆல்ட்-டவுன் ஆரோ அடித்துப் பட்டியலைத் திறப்பேன். தேர்ந்தெடுத்து எண்டர். உடனே, வேறு எதைத் தொடுவதற்கும் முன், டேப். பக்கத்தை நகர்த்த ஆரோவைத் தொடவே மாட்டேன். டேப் அடித்துக்கொண்டே போனால் பக்கம் தானாகப் பின்னால் வரும். சேமிக்கும் முன் ஷிஃப்ட்-டேப்பில் ஒரு முறை மேலே போய் வருவேன். மொத்தத்தைப் பார்ப்பதற்குப் பதில், வரி ஒரு வரியில் இருக்கிறதா இரண்டு வரியில் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

இந்தப் பழக்கத்தில் பாதி, எங்கள் ஆடிட்டர் ஆபீஸுக்குக் கொஞ்ச நாள் வந்துகொண்டிருந்த கண் தெரியாத ஒரு தம்பியிடம் பார்த்துக் கற்றது. அவர் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் வைத்திருந்தார். எதையும் அனுப்பும் முன் இன்சர்ட்-டேப் என்று ஒரு தட்டு. ‘இப்ப எங்க நிக்கிறேன்’ என்று கணினியிடமே கேட்பார், அது பெட்டியின் பெயரையும் உள்ளே இருப்பதையும் சொல்லும். அப்புறம்தான் எண்டர். இரண்டு கண்ணும் இருந்து நான் பாண்டிச்சேரி போய் வந்தேன்.

போன வாரத் தம்பி செய்ததும் அச்சு அசல் இதேதான். இப்போது இருப்பது வேறு சாஃப்ட்வேர், அதில் பட்டியல் அகர வரிசையில் இருக்கிறது. அதனால் அவர் தமிழ்நாட்டிலிருந்து தெலங்கானா போய்விட்டார். “நான் தொடவே இல்லக்கா” என்றார். நானும் அப்படித்தான் சொன்னேன். நல்ல வேளை, பில் பிரிண்டரை விட்டு வெளியே வருவதற்குள் பார்த்துவிட்டேன்.

டேலி கையோடு பிரவுசருக்குள் நுழைவது

டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் பழகிய கை எண்டர் எண்டர் என்று போய்க்கொண்டே இருக்கும், ஒவ்வொரு எண்டருக்கும் அடுத்த கட்டம் வரும். இணையப் படிவத்தில் பெயர் அடித்துவிட்டு எண்டர் தட்டினால் பல இடங்களில் படிவமே கிளம்பிவிடும். என்னிடம் பழகிய ஒரு பெண் தன் தேர்வு விண்ணப்பத்தை அப்பா பெயர் இல்லாமல் அனுப்பிவிட்டு, அதைச் சரி செய்ய இரண்டு நாள் அலைந்தது.

கன்ட்ரோல்-ஏ இன்னும் மோசம். டேலியில் அது சேமிக்கும். மற்ற எல்லா இடத்திலும் இருப்பதை மொத்தமாகத் தேர்ந்தெடுக்கும், அதற்கு மேல் ஓர் எழுத்து பட்டால் எல்லாம் காலி. உடனே கன்ட்ரோல்-இசட் அடித்தால் பெரும்பாலும் திரும்பி வரும், பதறி இன்னும் நாலு விசை தட்டாமல் இருந்தால்.

எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு. பிரவுசரில் ஆல்ட்-டி முகவரிப் பட்டைக்குப் போகும். டேலியில் அது வவுச்சரையே, அதாவது போட்ட பதிவையே, அழிக்கக் கேட்கும். தப்பான பில்லைக்கூட அழிக்காமல் ஆல்ட்-எக்ஸ் போட்டு ரத்து செய்யுங்கள், நம்பர் அப்படியே இருக்கும். ஆடிட்டருக்குப் பதில் சொல்ல வசதி.

வலது ஷிஃப்டில் கையை ஊன்றுவது

வலது ஷிஃப்டை எட்டு வினாடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் வேண்டுமா என்று விண்டோஸ் கேட்கும். கேட்பதைப் படிக்காமல் எண்டர் தட்டினால், அதன்பின் லேசாகத் தட்டும் விசை எதையும் கணினி மதிக்காது. கை நடுக்கம் உள்ளவர்களுக்காக வைத்த நல்ல வசதி அது. நான் பில்லைக் குனிந்து படிக்கும்போது உள்ளங்கையை அங்கே ஊன்றியிருக்கிறேன். கீபோர்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டி, வெயிலில் ரிச்சி தெரு வரை போய்ப் புதுசு வாங்கி வந்து மாட்டினேன். அதுவும் வேலை செய்யவில்லை. பக்கத்துக் கடைப் பையன் வந்து செட்டிங்ஸில் ஒன்றை அணைத்தான், பழைய கீபோர்டும் உயிர் பெற்றது. இப்போது கடையில் ஸ்பேர் கீபோர்டு ஒன்று இருக்கிறது, யாருக்கும் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

சரியான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிப்பது

தமிழ் கீபோர்டும் சேர்த்து வைத்திருந்தால் இடது ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்ந்து பட்டதும் மொழி மாறிவிடலாம். புள்ளி புள்ளியாகத் தெரிவதால் தெரியாது. மூன்றாவது முறைக்கு முன், திரையின் கீழே வலது மூலையில் எந்த மொழி காட்டுகிறது என்று பாருங்கள்.

பென் டிரைவில் டெலீட்

ரீசைக்கிள் பின்னில் தேடாதீர்கள். அங்கே போகாது.

மவுஸைத் தொடவே மாட்டேன் என்ற வீம்பு

படத்தில் ஒரு மூலையை வெட்ட வேண்டும், இழுத்து வைக்க வேண்டும் என்றால் மவுஸை எடுங்கள், மானம் போகாது. மவுஸே இல்லாத அவசரத்தில் இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம்பர் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மவுஸ் கீஸ் வரும். எண் பலகையில் அம்பை நகர்த்தலாம், 5 கிளிக் செய்யும். நத்தை வேகம், ஆனால் வேலை நடக்கும்.

பூட்டாமல் டீக்குப் போவது

விண்டோஸ்-எல். மவுஸ்காரர் எழுந்து போனால் திரை சும்மா கிடக்கும். நாம் எழுந்து போகும்போது ஃபோகஸ் பெரும்பாலும் ஏதாவது ஒரு பொத்தான்மேல் நின்றுகொண்டிருக்கும். எங்கள் கடையில் அந்த எலிக்காக முதலாளி ஒரு பூனை வளர்க்க ஆரம்பித்தார். எலி போய்விட்டது. பூனைக்கு இப்போது கீபோர்டின் மேல் படுத்தால்தான் தூக்கம் வருகிறது.