வேர்க்கடலை, பாதாம், முந்திரி: டப்பாவைக் காலி செய்யாமல் அளவாகக் கொறிப்பது எப்படி?

சாயங்காலம் நாலரை மணிக்கு வருகிற பசி பொய்ப்பசி இல்லை. மதியம் சாப்பிட்ட சோறு அதற்குள் இறங்கிவிடும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கும். அந்த நேரத்துக்கு வேர்க்கடலை, பாதாம், முந்திரி, பிஸ்தா, வால்நட் மாதிரியான கொட்டைகளைவிட நல்ல நொறுக்குத் தீனி எனக்குத் தெரிந்து சுண்டல் ஒன்றுதான். புரதம், நார்ச்சத்து எல்லாம் இருக்கிறது, வயிறும் கொஞ்ச நேரம் தாங்கும். சிக்கல் எங்கே என்றால் நிறுத்துவதில்தான். கால் கிலோ டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சீரியல் பார்க்க உட்கார்ந்தால் கை பாட்டுக்குப் போய்வந்துகொண்டே இருக்கும், விளம்பரம் வரும்போது பார்த்தால் அடி தெரியும்.

அதனால் எந்தக் கொட்டையில் எந்த வைட்டமின் என்கிற பட்டியலுக்குள் நான் போகப்போவதில்லை. எவ்வளவு எடுப்பது, எப்படி எடுத்து வைப்பது, எதற்குப் பதிலாகச் சாப்பிடுவது என்பது மட்டும் போதும்.

படி 1: அதில் எவ்வளவு எண்ணெய் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மரச்செக்கு வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு லிட்டர் கடலெண்ணெய் ஆட்ட இரண்டே கால், இரண்டரை கிலோ வேர்க்கடலைப் பருப்பு வேண்டும் என்பார். பிண்ணாக்கில் தங்கிவிடுவதையும் சேர்த்தால் பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 49 கிராம் கொழுப்பு, 26 கிராம் புரதம், 567 கலோரி. 30 கிராம் தின்றால் 170 கலோரி, கூடவே ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் உள்ளே போகிறது. நடுத்தர இட்லி மூன்று சாப்பிட்ட கணக்கு.

இது நல்ல கொழுப்புதான், பெரும்பகுதி நிறைவுறாத வகை. ஆனால் நல்ல கொழுப்புக்கும் கிராமுக்கு 9 கலோரிதான், அதில் சலுகை கிடையாது. மற்ற கொட்டைகளும் பெரிதாக வித்தியாசப்படாது. முந்திரி, பிஸ்தா, பாதாம், வால்நட் எதை எடுத்தாலும் 30 கிராமுக்கு 165 முதல் 200 கலோரிக்குள் வந்துவிடும், வால்நட்தான் மேல்பக்கம்.

ஒரு சின்ன ஆறுதல் உண்டு. முழுசாகக் கடித்துத் தின்னும்போது கொழுப்பில் ஒரு பகுதி செல் சுவருக்குள்ளேயே மாட்டிக்கொண்டு செரிக்காமல் வெளியே போய்விடுகிறது. அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் 2012-இல் முழுப் பாதாமை வைத்து அளந்தபோது, 28 கிராமுக்கு 170 கலோரி என்று கணக்கிட்டிருந்த இடத்தில் உடம்புக்குச் சேர்ந்தது 129 கலோரிதான் என்று கண்டார்கள். பாதாம் பட்டராக மைய அரைத்துவிட்டால் இந்தத் தள்ளுபடி போய்விடும். ஆகவே கொறிப்பதற்கு முழுக் கொட்டை, அரைத்தது தோசைக்குச் சட்னியாக.

படி 2: 30 கிராம் என்று முடிவு செய்யுங்கள்

இந்த எண் எங்கிருந்து வந்தது? ஸ்பெயினில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த பிரெடிமெட் ஆய்வில் ஒரு பிரிவினருக்குத் தினமும் 30 கிராம் கொட்டை கொடுத்தார்கள்: வால்நட் 15 கிராம், பாதாமும் ஹேசல்நட்டும் தலா ஏழரை கிராம். மத்தியதரைக்கடல் பக்கத்துச் சாப்பாட்டோடு இதையும் சேர்த்துத் தின்ற அவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஒப்பீட்டுப் பிரிவைவிடக் குறைவாக வந்தன. 2013-இல் வந்த கட்டுரையில் ஆட்களைப் பிரித்த முறையில் குறை இருந்ததால் திரும்பக் கணக்குப் போட்டு 2018-இல் மறுபடி வெளியிட்டார்கள், முடிவு பெரிதாக மாறவில்லை. கொட்டை இதயநோய் வாய்ப்பைக் குறைக்கலாம் என்று பாக்கெட் மேல் போட அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2003-இல் அனுமதித்த வாசகத்தில் இருப்பது நாளொன்றுக்கு 42 கிராம். புதிதாக ஆரம்பிப்பவருக்கு 30 போதும்.

எண்ணிக்கையில் சொன்னால் தோராயமாகப் பாதாம் 24, முந்திரி 18, பிஸ்தா 50, பாதிப் பாதியாக உடைத்த வால்நட் 14. கவனியுங்கள், இது "அல்லது" கணக்கு. 24 பாதாமும் 18 முந்திரியும் தின்றுவிட்டு அளவோடு நிறுத்தினேன் என்று சொல்ல முடியாது.

பல வீடுகளில் ராத்திரி நாலு பாதாமை ஊறப்போட்டுக் காலையில் தோல் உரித்துத் தின்கிற வழக்கம் இருக்கிறது. நாலு பாதாம் ஐந்து கிராம்கூட வராது. கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அதைச் சாப்பிட்டதால் ஞாபகசக்தி கூடும், முடி வளரும் என்றெல்லாம் எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். ஊறவைத்தால் மெல்ல எளிது, அவ்வளவுதான். தோலை உரித்துப் போடவேண்டிய அவசியமும் இல்லை, நார்ச்சத்தில் ஒரு பங்கு அதில்தான் இருக்கிறது.

"ஒரு கைப்பிடி சாப்பிடுங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கைப்பிடியை நம்பாதீர்கள். விரல்களை மூடிப் பிடித்தால் ஒரு அளவு, உள்ளங்கையைக் குழித்துக் குவியலாக அள்ளினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பசியோடு இருக்கும்போது எந்தக் கைப்பிடி வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 3: ஏழு டப்பா

மொத்த விஷயத்திலும் வேலை செய்கிற இடம் இதுதான். 200 கிராம் பாக்கெட் ஒன்று வாங்குங்கள். மூடி போட்ட குட்டி டப்பா ஏழு எடுத்துக்கொள்ளுங்கள், புளிக்குழம்பு வாசம் ஏறாத டப்பாவாக இருந்தால் சரி. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு வயிறு நிறைந்த பிறகு பாக்கெட்டைப் பிரித்து ஏழிலும் சமமாகப் போடுங்கள். ஒன்றில் 28, 29 கிராம் வரும். தராசு இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு நாள் இரண்டு பருப்பு கூடக் குறைய இருந்தால் குடி முழுகிப் போகாது.

வயிறு நிறைந்த பிறகு என்று சும்மா சொல்லவில்லை. பசிக்கும்போது பிரித்தால் டப்பாவுக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று என்று போகும்.

ஏழு டப்பாவும் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும், பெரிய ஜாடியில் மிச்சம் இருந்தால் அது பரண் மேலோ ஃபிரிட்ஜின் பின்பக்கமோ போகட்டும். ஆபீஸ் போகிறவர்கள் பையில் ஒரே ஒரு டப்பா. மேசை இழுப்பறையில் முழுப் பாக்கெட் வைக்கிற பழக்கம் வேண்டாம், வேலை நெருக்கடி வருகிற நாளில் முதலில் காலியாவது அதுதான், அதுவும் பக்கத்து சீட்டுக்காரர் உதவியோடு.

வீட்டில் நாலு பேர் என்றால் டப்பா கணக்கு பெரிதாகிவிடும். அப்போது ஆளுக்கொரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு ஜாடியை மூடி உள்ளே வைத்துவிட்டு அப்புறம் உட்காருங்கள். ஜாடி கூடத்துக்கு வரவே கூடாது.

படி 4: எதை நிறுத்தப் போகிறீர்கள்?

டீயோடு நாலு பிஸ்கட், ஒரு வடை, அதற்கு மேல் கொட்டையும் 30 கிராம் என்றால் நாளுக்கு 170 கலோரி கூடுதலாக ஏறுகிறது, ஆரோக்கியத்தின் பெயரில். கொட்டை பலன் தருவது இன்னொன்றின் இடத்தைப் பிடிக்கும்போதுதான். பிஸ்கட்டா, மிக்சரா, பஜ்ஜியா, எதை எடுக்கப்போகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பாசத்தில் தட்டில் வடை வந்து விழும், வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வார்கள்.

அளவு கொஞ்சமாகத் தெரிகிறதே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழி, பொரி. இரண்டு கை பொரியில் வறுத்த கடலை 20 கிராம், பொடியாக நறுக்கிய வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டுக் கலந்தால் கிண்ணம் நிறைய வரும். உடனே சாப்பிட்டுவிட வேண்டும், பத்து நிமிடம் விட்டால் நமுத்துவிடும்.

படி 5: வறுப்பது, அவிப்பது

பாதாமை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அந்தக் காசில் நாலைந்து மடங்கு வேர்க்கடலை வாங்கலாம், புரதமும் கடலையில்தான் கொஞ்சம் தூக்கல். தாவரக் கணக்கில் அது கொட்டையே இல்லை, பருப்பு வகை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

பச்சைக் கடலையை வாங்கி நீங்களே வறுத்தால் எண்ணெயும் உப்பும் உங்கள் கையில். அடி கனமான இரும்பு வாணலியைச் சூடாக்கி, கடலையைப் போட்டு, தீயைக் குறைத்துவிடுங்கள். முதல் சில நிமிடங்கள் ஒன்றுமே நடக்காது, அந்தப் பொறுமையின்மையில் தீயைக் கூட்டினால் மேலே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். கரண்டி நிற்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். பத்து நிமிடத்தை ஒட்டி "பட் பட்" என்று வெடிக்கிற சத்தம் வரும், தோலில் அங்கங்கே கரும்புள்ளி விழும். ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள், தோல் கழன்று உள்ளே இளம் பொன்நிறமாகத் தெரிந்தால் அடுப்பை அணைத்துத் தட்டில் கொட்டிவிட வேண்டும், வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே இன்னும் சிவக்கும். சூடாக இருக்கும்போது கடித்தால் மெத்தென்று இருக்கும், வேகவில்லையோ என்று மறுபடி அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். உப்பு வேண்டுமென்றால் இரண்டு சிட்டிகையை ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கடைசி நிமிடத்தில் தெளித்துக் கிளறுங்கள், தூளாகப் போட்டால் ஒட்டாமல் அடியில் தங்கும்.

இதைவிட எனக்குப் பிடித்தது அவித்த கடலை. எங்கள் விழுப்புரம் பக்கம் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) பிடுங்குகிற காலத்தில் ஓட்டோடு மண் போகக் கழுவி, உப்பு போட்டுக் குக்கரில் நாலு விசில். காய்ந்த கடலை என்றால் முந்தின ராத்திரியே ஊறவைத்துவிட வேண்டும். அவித்த பருப்பில் தண்ணீர் ஏறியிருப்பதால் 100 கிராமுக்கு 318 கலோரிதான், அதனால் கண்ணுக்கு நிறையவே சாப்பிடலாம். அதோடு ஒவ்வொன்றாக ஓட்டை உடைக்க வேண்டும், வேகம் தானாகக் குறையும். பிஸ்தாவை வைத்து ஒரு கல்லூரியில் பார்த்தார்கள்: ஓட்டோடு கொடுத்தபோது, உரித்துக் கொடுத்ததைவிட 41 சதவீதம் குறைவான கலோரிதான் தின்றார்கள். உரித்த ஓடு கண் முன்னால் குவிந்து கிடப்பதும் "போதும்" என்று சொல்லும், உடனே அள்ளிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

படி 6: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

மசாலாக் கடலை கடலை மாவில் முக்கி எண்ணெயில் பொரித்தது, தேன் தடவிய பாதாமில் சர்க்கரை, உப்பு முந்திரியில் எண்ணெயும் உப்பும். பாக்கெட்டில் உப்பு என்று இருக்காது, சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். இரண்டரையால் பெருக்கினால் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு, நம் வீட்டு ஊறுகாய், அப்பளம், குழம்பிலேயே அது கிட்டத்தட்ட முடிந்துவிடும்.

கடலைமிட்டாய்? 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிச் சரக்கை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஒன்று சாப்பிடுங்கள், அதை இனிப்புக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 7: கெட்டுப்போனதைத் தின்னாதீர்கள்

காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். சித்திரை வெயிலில் அடுப்புப் பக்கத்து அலமாரியில் வைத்த வால்நட் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். கடித்தவுடன் பழைய எண்ணெய் மாதிரி தொண்டையைக் கரித்தால் துப்பிவிட்டு முழுதையும் கொட்டிவிடுங்கள்.

பூஞ்சை விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். ஈரத்தில் கிடந்த வேர்க்கடலையில் வளரும் ஒரு பூஞ்சை அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது, கல்லீரலில் புற்றுநோய் வரவைக்கக் கூடியது என்று உறுதியாகத் தெரிந்த பொருள் அது. வறுத்தாலும் அவித்தாலும் முழுசாக அழியாது. சுருங்கியது, நிறம் மாறியது, பூத்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள், நிறைய அப்படி இருந்தால் பாக்கெட்டையே எறியுங்கள்.

படி 8: ஆரம்பிக்கும் முன் யார் யோசிக்க வேண்டும்

வேர்க்கடலையோ முந்திரியோ தின்றதும் உதடு வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, மூச்சு முட்டுவது என்றால் அது ஒவ்வாமை, வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு முழுக் கொட்டை கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும். பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாம். பல்செட் போட்ட தாத்தா பாட்டிக்கும் பொடிதான் வசதி. சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் வந்தவர்கள் பாதாம், முந்திரி விஷயத்திலும், சிறுநீரகம் பழுதானவர்கள் எல்லாக் கொட்டை விஷயத்திலும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மற்றவர்கள் முதல் வாரம் டப்பாவுக்குப் பாதி, 15 கிராம் மட்டும் போடுங்கள். நார்ச்சத்து பழகாத வயிறு ஒரேயடியாக 30 கிராம் போனால் உப்புசம் காட்டும். இரண்டாவது வாரம் முழு அளவுக்கு வரலாம், தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். ஒரு மாதத்தில் எடை ஏறினால் டப்பாவைச் சந்தேகப்படுவதற்கு முன்னால், படி 4-இல் நிறுத்துவதாகச் சொன்ன பிஸ்கட் உண்மையிலேயே நின்றதா என்று பாருங்கள்.