விமான மாதிரி வடிப்போருக்கு ஒரு சிக்கனக் கணினி

சிமுலேட்டரில் விமானம் ஓட்டுபவருக்குத் தேவையான கணினி வேறு. அந்தச் சிமுலேட்டருக்காக விமானத்தையோ ஓடுதளத்தையோ மலையையோ வடிப்பவருக்குத் தேவையான கணினி வேறு. ஓட்டுபவரின் பணத்தில் பெரும்பகுதி கிராபிக்ஸ் கார்டுக்குப் போவது நியாயம். வடிப்பவரோ நாளின் பெரும்பகுதியை முப்பரிமாண மாதிரி வடிக்கும் பிளெண்டர் மென்பொருளிலும் படம் தீட்டும் ஜிம்ப் மென்பொருளிலும் கழித்துவிட்டு, செய்த மாற்றத்தைச் சரிபார்ப்பதற்காக மட்டுமே சிமுலேட்டரைத் திறக்கிறார். அப்படித் திறக்கும்போது மற்ற இரண்டையும் மூடுவதும் இல்லை. கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் மாணவர்கள் இந்த வேறுபாட்டை அறியாமல், விளையாட்டுக்கென விற்கப்படும் விலை உயர்ந்த கணினியைப் பார்த்து மலைத்துப் பின்வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். 35,000 ரூபாயை உச்சவரம்பாக வைத்துக்கொண்டு, பழைய பொருள்களை வாங்கத் தயங்காமல், கட்டம் கட்டமாகச் சேர்த்தால் இந்த வேலைக்குப் போதுமான கணினி அமைந்துவிடும்.

முதலில் நினைவகத்தைக் கணக்கிட வேண்டும். விமானத்தின் உடற்பகுதிக்கு 4096க்கு 4096 புள்ளிகள் கொண்ட ஒரு டெக்ஸ்சரை, அதாவது மாதிரியின் மேல் போர்த்தும் படத்தை, தீட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம், அதன் ஒரே ஓர் அடுக்கு 64 எம்பி இடத்தைப் பிடிக்கும். அடிவண்ணம், தகட்டு இணைப்புக் கோடுகள், ஆணித்தலைகள், அழுக்கு, எழுத்துகள் என்று பத்து அடுக்குகள் சேர்ந்தால் 640 எம்பி ஆகிவிடும். செய்ததைத் திரும்பப் பெறும் (அன்டூ) வசதிக்காக ஜிம்ப் வைத்துக்கொள்ளும் படிகள் இதற்கு மேல். இதனுடன் பிளெண்டர், சிமுலேட்டர், மேற்கோள் படங்களுக்காகத் திறந்துவைத்த பிரௌசர் ஆகியவையும் சேரும்போது 8 ஜிபி ரேம் திணறத் தொடங்கும். ஆகவே 16 ஜிபி என்பதைக் குறைந்தபட்சமாகக் கொள்ளுங்கள். அதையும் ஒரே 16 ஜிபி குச்சியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபி குச்சிகளாகப் போட்டால் இரு தடங்களிலும் தரவு ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் தொடங்குபவருக்கு இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும், ஏனெனில் செயலிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி இதே ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது.

செயலியைப் பொறுத்தவரை, பிளெண்டரில் மெஷ் எனப்படும் மாதிரியின் வலைச்சட்டத்தைத் திருத்தும் வேலைகளிலும் சிமுலேட்டரின் முதன்மைக் கணக்கீட்டிலும் ஒற்றைக் கோரின் வேகமே பெரும்பாலும் முடிவு செய்கிறது. பன்னிரண்டு கோர், பதினாறு கோர் என்று தேடி அலையத் தேவையில்லை. பெங்களூரு அலுவலகங்கள் கழித்துவிடும் டெஸ்க்டாப்புகள் நமக்குப் பெரும் வாய்ப்பு. கிருஷ்ணகிரியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் அந்நகரின் கணினிக் கடைத்தெருவாக உள்ள எஸ்.பி. ரோட்டுக்கு ஒருநாள் போய்வந்தால் டெல், எச்பி, லெனோவா நிறுவனங்களின் அலுவலக மாதிரிகளை நேரில் பார்த்து வாங்கலாம். அவற்றில் இன்டெல் ஐ5-8500 அல்லது அதற்கு இணையான எட்டாம் தலைமுறைச் செயலியைக் கேளுங்கள். ஆறு கோர்களும் 4.1 கிகாஹெர்ட்ஸ் வரை உயரும் வேகமும் கொண்ட அந்தச் செயலி நம் வேலைக்குப் பொருந்துகிறது. நான்காம், ஆறாம் தலைமுறைக் கணினிகள் மலிவாகக் கிடைக்கும் என்றாலும் விண்டோஸ் 11 அவற்றை முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

கேபினெட்டின் அளவைக் கவனிக்காமல் வாங்குவதே இங்கு அதிகம் நடக்கும் பிழை. நானும் முதல் கணினியை மேசையில் அடக்கமாக இருக்கிறதே என்று ஒல்லியான பெட்டியாக வாங்கினேன். பின்னர் கிடைத்த கிராபிக்ஸ் கார்டு அதற்குள் நுழையவே இல்லை. அலுவலகக் கணினிகளின் பவர் சப்ளையும் 200 வாட், 260 வாட் என்ற அளவிலேயே இருக்கும்; மதர்போர்டில் செருகும் இணைப்பு பல மாதிரிகளில் பொதுவான வடிவத்தில் இருக்காது என்பதால், வேறு பவர் சப்ளையைக் கடையில் வாங்கி மாற்றிவிடலாம் என்ற கணக்கும் பலிக்காது. எனவே உயரமான டவர் வடிவத்தையே கேட்டு வாங்குங்கள். கார்டைச் செருகும் இடம் தன்னளவில் 75 வாட் வரை மின்சாரம் தரும். தனி மின்கம்பி தேவைப்படாத ஜிடிஎக்ஸ் 1650 கார்டு அந்த வரம்புக்குள் இயங்கும். அதே கார்டு கூடுதல் மின்கம்பி கேட்கும் வகையிலும் விற்கப்படுகிறது என்பதால், வாங்குமுன் அதன் மேல்விளிம்பில் மின் இணைப்புக் குழி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இந்தக் கார்டை முதல் மாதமே வாங்க வேண்டும் என்பதில்லை. எட்டாம் தலைமுறைச் செயலியில் உள்ள யுஎச்டி 630 கிராபிக்ஸிலேயே பிளெண்டர் இயங்கும். ஃபிளைட்கியர் சிமுலேட்டரும் அமைப்புகளைக் குறைத்தால் ஓடும். நிழல்களையும் ஒளியையும் டெக்ஸ்சரில் பதிக்கும் பேக்கிங் வேலைக்குத்தான் கார்டு பெரிதும் உதவுகிறது. அதுவரை அந்த வேலையை இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

பழைய கணினியைக் கடையிலேயே இயக்கிப் பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும். கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் நுழைந்து பழைய அலுவலகத்தின் கடவுச்சொல் ஏதும் இல்லை என்பதையும், டாஸ்க் மேனேஜரில் எத்தனை ரேம் குழிகள் நிரம்பியுள்ளன என்பதையும், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் எஸ்எஸ்டியின் நலத்தையும் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் மெம்டெஸ்ட்86 கொண்டு ரேமை ஒரு முழுச் சுற்றாவது சோதியுங்கள். பழுதான ரேம் கோப்பை ஓசையின்றிக் கெடுக்கும். பல வாரங்கள் உழைத்த மாதிரி திறக்க மறுக்கும் நாளில்தான் அது தெரியவரும்.

மானிட்டர் 1920க்கு 1080 அளவில் ஐபிஎஸ் வகையாக இருந்தால் போதும். சுட்டியில் அழுத்தக்கூடிய நடுச்சக்கரம் கட்டாயம். பிளெண்டரில் மாதிரியைச் சுழற்றிப் பார்ப்பதே அதைக் கொண்டுதான். எண் விசைகள் தனியாக உள்ள கீபோர்டு முன், பக்க, மேல் தோற்றங்களுக்கு உடனே மாற உதவும்.

சேமிப்புக்கு 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், நகல் வைப்பதற்கு மட்டும் ஒரு பழைய ஹார்டு டிஸ்கும் வேண்டும். பிளெண்டர் இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை தானாகச் சேமித்துக்கொள்ளும் என்றாலும், கோப்பு எழுதப்படும் நொடியில் மின்சாரம் போனால் அந்த வசதியும் கைகொடுக்காது. கோடை மழைக் காலத்தில் மாலைக் காற்று எழுந்தாலே மின்தடை வரும் நம் ஊர்களில் 600 விஏ யுபிஎஸ் ஒன்றை இந்தக் கணினியின் உறுப்பாகவே கருதுகிறேன். கார்டு வாங்குவதைத் தள்ளிப்போடலாம், யுபிஎஸ்ஸைத் தள்ளிப்போடக் கூடாது. கிரானைட் குவாரிகளுக்கும் அறுவை ஆலைகளுக்கும் அருகில் குடியிருப்பவர்கள் கேபினெட்டைத் தரையில் வைக்காமல் மேசைமேல் வைத்து, இரு மாதங்களுக்கு ஒருமுறை விசிறியையும் ஹீட் சிங்க்கையும் பிளோயர் கொண்டு ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். கல்தூள் படிந்தால் வெப்பம் ஏறி, செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பழைய கணினியில் காய்ந்துபோயிருக்கும் தெர்மல் பேஸ்ட்டையும் வாங்கியவுடனே மாற்றிவிடுங்கள். ஷீட் கூரை வீட்டின் சித்திரை மாதத்தில் அதன் பலன் விளங்கும்.

எந்தச் சிமுலேட்டருக்காக வடிப்பது என்பதும் செலவைத் தீர்மானிக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் 2020 பதிப்பு 150 ஜிபி வட்டு இடம் கேட்பதோடு, நிலப்பரப்பையும் இணையத்திலிருந்து ஓயாமல் இறக்கிக்கொண்டிருக்கும். ஃபிளைட்கியரோ திறந்த மூல மென்பொருள். விலை இல்லை, லினக்ஸிலும் ஓடும், நமக்கு வேண்டிய பகுதியின் நிலக்காட்சியை மட்டும் முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளலாம். அதன் விமானங்களின் அமைப்புக் கோப்புகள் திறந்து படிக்கும்படி இருப்பதால், கற்பவர் பிறர் செய்த மாதிரியைப் பிரித்துப் பார்த்தே பாதி வேலையைக் கற்றுவிடலாம். லினக்ஸ் மின்ட், பிளெண்டர், ஜிம்ப், ஃபிளைட்கியர் என்று தொடங்கினால் மென்பொருளுக்கு ஒரு ரூபாயும் செலவாகாது. என் பரிந்துரை அதுவே.

கணினி தயாரானதும் நம் மாவட்டத்தையே முதற்பாடமாகக் கொள்ளுங்கள். ஓசூர் அருகே பெலகொண்டப்பள்ளியில் ஏறத்தாழ 7,000 அடி நீள ஓடுதளம் இருக்கிறது. இத்தாலியப் பார்த்தனேவியா நிறுவனத்தின் வடிவமைப்பான பி68சி என்னும் இரட்டை எஞ்சின் விமானம் 1990களில் அங்குள்ள தொழிற்சாலையில்தான் தயாரானது. மேலே இறக்கையும் ஆறு இருக்கைகளும் கொண்ட அந்த விமானம், வளைவுகள் அதிகமில்லாததால் புதியவர் கைக்கு அடங்கும். நில உயரத்திற்கு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடார் கொண்டு அளந்த எஸ்ஆர்டிஎம் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு பாகை சதுரமும் ஒரு கோப்பு. ஓசூர் என்12இ077 (N12E077) கோப்பிலும், கிருஷ்ணகிரியும் தருமபுரியும் என்12இ078 (N12E078) கோப்பிலும் அடங்கும். ஒரு கோப்பில் 3601க்கு 3601 அளவுகள் இருந்தாலும் அதன் எடை ஏறத்தாழ 26 எம்பிதான் என்பதால் இந்தக் கணினி அதை எளிதாகத் தாங்கும். ஆனால் அளவுகளுக்கு இடையே 30 மீட்டர் இடைவெளி இருப்பதால், கிருஷ்ணகிரிக் கோட்டை மலையின் செங்குத்தான பாறை முகங்கள் மழுங்கி வெறும் மேடாகத்தான் தெரியும். அவற்றைப் புகைப்படம் பார்த்துக் கையால் வடித்துச் சேர்க்க வேண்டும்.

டெக்ஸ்சரைச் சிமுலேட்டருக்குத் தரும்போது பிஎன்ஜி கோப்பாகவே விட்டுவிடாதீர்கள். வட்டில் சிறிதாகத் தெரியும் பிஎன்ஜி, கார்டின் நினைவகத்தில் முழு 64 எம்பியாக விரிந்துவிடும். ஒளி ஊடுருவும் பகுதி இல்லாத படத்தை டிடிஎஸ் (DDS) கோப்பு வடிவில் பிசி1 (BC1) முறையில் சுருக்கினால் அதே படம் அங்கே 8 எம்பியில் அடங்கும். 4 ஜிபி கார்டில் ஒரு விமானத்தையும் ஒரு விமான நிலையத்தையும் சேர்த்து ஓட்டுவதற்கு, புதிய கார்டைத் தேடுவதற்கு முன்பாகச் செய்து பார்க்க வேண்டிய வேலை இதுதான்.