கூகுள் எர்த்ல நாகப்பட்டினத்துலேர்ந்து கடாரத்துக்கு ஒரு கோடு: செய்முறை

பினாங்கு, கெடா பக்கம் வரலாறு சொல்லிக்கொடுக்கிற டீச்சருங்களுக்கும், வீட்ல பிள்ளைங்கள உக்கார வச்சி படிக்க வைக்கிற அப்பா அம்மாவுக்கும் இது. 1025-ல ராஜேந்திர சோழன் கடாரத்து மேல, அதாவது இன்னைக்கு கெடான்னு சொல்ற இடத்து மேல, படையெடுத்தான்னு ஒப்பிக்க வச்சா அடுத்த வாரமே மறந்துடும், அதே பிள்ளைங்க கையால கடல் மேல ஒரு கோடு இழுத்துட்டா அவங்களே கேள்வி கேக்க ஆரம்பிச்சிடுவாங்க.

குரோம்ல கூகுள் எர்த் திறந்து புது புராஜெக்ட் ஒண்ணு போட்டுக்கோங்க, காசு கிடையாது. போன்லயும் பாக்கலாம், ஆனா பாடம் தயார் பண்ண லேப்டாப்தான் சரி, போன்ல விரல் பட்டு குறி எங்கயாவது போய் விழும்.

நாகப்பட்டினத்துல ஒரு பிளேஸ்மார்க் (இடத்தக் காட்டுற குறி), கெடாவுல இருக்கிற மெர்போக்ல ஒண்ணு. மெர்போக்ல பூஜாங் பள்ளத்தாக்கு மியூசியத்து மேலயே வைங்க, சண்டி புக்கிட் பத்து பஹாட்ங்கிற பழைய கோயில் அங்கதான் இருக்கு.

இப்ப நிறைய பேர் மாட்டிக்கிற இடம். குறி வச்சா மட்டும் போதாது, அப்படியே பிரசென்ட் அமுக்குனா மேலேர்ந்து நேரா கீழ பாக்கிற மாதிரி வந்து மலையெல்லாம் தட்டையா தெரியும். குறிய எடிட்ல திறந்து, த்ரீடி போட்டு, ஷிப்ட் கீய அமுக்கிகிட்டே மௌஸ இழுங்க, பார்வை சாயும். கடல்லேர்ந்து கரையப் பாக்கிற மாதிரி கொண்டு வந்ததும் 'கேப்சர் திஸ் வியூ' கண்டிப்பா அமுக்கணும், இல்லன்னா சாய்ச்சதெல்லாம் போச்சு. சரியா வந்துச்சுன்னா 1,217 மீட்டர் குனோங் ஜெராய் கடலோரத்துல ஒத்தையா எழும்பி நிக்கும். வானம் தெளிவா இருக்கிற நாள்ல பட்டர்வொர்த் பக்கத்துலேர்ந்தே தெரியிற மலைதான். அந்தக் காலத்துல கப்பல்ல வந்தவங்களுக்கு கரை இங்கன்னு காட்டினது இதுதான்னு அந்த நேரம் சொல்லுங்க.

அடுத்து அளக்கிற டூல் எடுத்து நாகப்பட்டினத்துலேர்ந்து மெர்போக் வரைக்கும் இழுங்க, சுமார் 2,300 கிலோமீட்டர் காட்டும். நடுவுல என்ன தீவு வருதுன்னு பிள்ளைங்களையே தேட விடுங்க, நீங்க வாய திறக்காதீங்க. கோடு நிக்கோபார் தீவுகள ஒட்டிப் போவும். அவங்க கண்டுபிடிச்ச அப்புறமா, தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல ராஜேந்திரன் ஜெயிச்ச ஊர் வரிசையில கடாரத்தோட மாநக்கவாரமும் இருக்கு, அது இந்த நிக்கோபார்னுதான் ஆய்வாளருங்க சொல்றாங்கன்னு சொல்லுங்க. கல்வெட்டும் மேப்பும் அவங்க கண்ணு முன்னாலயே சேர்ந்துடும், எனக்கு இந்தப் பாடத்துல ரொம்பப் பிடிச்ச இடம் இது.

ஆனா பாய்மரக் கப்பல் ஸ்கேல் வச்ச மாதிரி நேரா போவாது, காத்து எப்படியோ அப்படித்தான். தென்மேற்குப் பருவக்காத்துல இந்தப் பக்கம் வந்து வடகிழக்குக் காத்துல திரும்பினாங்க. இதக் காட்ட விண்டி (காத்து போற திசைய மேப்ல காட்டுற வெப்சைட்) நல்லா இருக்கும், அதுல இப்போதைய காத்துதான் வரும்ங்கிறதால ஜூலைல ஒண்ணு டிசம்பர்ல ஒண்ணுன்னு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிக்கோங்க.

பின்சேர்க்கை: லிங்க் அனுப்பினா பெர்மிஷன் கேக்குதுன்னு சிலர் எழுதியிருந்தீங்க. புராஜெக்ட் உங்க டிரைவ்லதான் சேவ் ஆவுது, ஷேர்ல போய் லிங்க் இருக்கிற எல்லாரும் பாக்கலாம்னு மாத்துங்க, பள்ளிக்கூடத்துக்குன்னு கல்வி அமைச்சு குடுக்கிற டெலிமா கணக்குல அந்த ஆப்ஷன் வரலன்னா சொந்த ஜிமெயில்ல செய்ங்க. கிளாஸ்ல வைஃபை மெதுவா இருந்தா காட்சிகள ஸ்லைட்ல போட்டுக்கோங்க, கோடு இழுக்கிறத மட்டும் பிள்ளைங்கள முன்னாடி கூப்ட்டு அவங்க கையாலயே செய்ய விடுங்க.