டர்போ இன்ஜினில் புகைச்சூடு மீட்டர்: எங்கே மாட்டக்கூடாது?

ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் தடைக்காலம். மண்டபம், ராமேஸ்வரம் கரையில் விசைப்படகுகளின் இன்ஜின் வேலையெல்லாம் அப்போதுதான் நடக்கும். புகையின் சூட்டைக் காட்டும் மீட்டரையும் அந்த நேரத்தில்தான் மாட்டுகிறார்கள். எங்கள் காலத்துத் தவறுகளையே இப்போது தொழில் பழகும் பிள்ளைகளும் செய்வதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை.

டர்போவுக்குப் பின்னால் சென்சார்

சைலன்சர் குழாயில் துளை போடுவது சுலபம், எதையும் கழற்ற வேண்டாம். அதற்காகவே அங்கே மாட்டிவிடுகிறார்கள். எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். புகையின் சூட்டிலிருந்தும் அழுத்தத்திலிருந்தும் சக்தி எடுத்துத்தான் டர்போவுக்குள் இருக்கும் டர்பைன் சக்கரம் சுற்றுகிறது. அதைத் தாண்டி வரும்போதே புகை ஆறிவிடும். சரி, அந்த வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ளலாமே என்றால் அதுவும் முடியாது. லோடு இல்லாதபோது வித்தியாசம் கொஞ்சம்தான். மடி (இழுவலை) இழுக்கும்போது 100, 200 டிகிரிகூட வரும். சரியான கணக்கு எப்போது தேவையோ, அப்போதுதான் மீட்டர் அதிகமாக ஏமாற்றும்.

மேடு ஏறிய லாரிக்கு இறக்கத்தில் ஓய்வு உண்டு. இழுவைப் படகுக்கு மணிக்கணக்கில் அதே லோடு. இப்படி டர்போவுக்குப் பின்னால் மாட்டிய ஒரு படகில் காற்று வடிகட்டி அடைத்துக் கரும்புகை தள்ளியிருக்கிறது. மீட்டர் 500 டிகிரியைத் தாண்டவில்லை என்று டிரைவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தோம். ஒரு பிஸ்டனின் மேல் விளிம்பு உருகி, சிலிண்டரின் உள்சுவரான லைனர் நெடுக அலுமினியம் வெள்ளைக் கோடாக ஒட்டிக் கிடந்தது. தடைக்காலம் முடிந்து எல்லோரும் கடலுக்குப் போக, அந்தப் படகு மட்டும் கரையில் நின்றது.

டர்போவுக்கு முன்னால், சிலிண்டர்களின் புகை ஒன்றுசேரும் மேனிஃபோல்டில் மாட்டுங்கள். முனை சுவரில் படாமல் புகையின் நடுவே நிற்க வேண்டும். ஆறு சிலிண்டர் இன்ஜின்கள் பலவற்றில் புகை வழி இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு பக்கம் மாட்டினால் மூன்று சிலிண்டரின் சூடுதான் தெரியும்.

டர்போவைக் கழற்றாமல் டிரில் போடுவது

கழற்றுங்கள். ஒரு இரும்புத் துணுக்கு போதும், டர்பைன் இறகு போய்விடும்.

தண்ணீர் ஓடும் மேனிஃபோல்டு

கடல் இன்ஜின்கள் பலவற்றில் மேனிஃபோல்டு இரட்டைச் சுவர், நடுவே தண்ணீர். கண்ட இடத்தில் துளைத்தால் அந்தத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். கம்பெனி திருகு போட்டு மூடி வைத்த துளை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் இடையே ஒரு வளையத் துண்டு வைத்து அதில் மாட்டலாம்.

கடல் தண்ணீர் கலக்கும் குழாய்

வேண்டவே வேண்டாம். தண்ணீர் கலந்து ஆறிய புகையின் சூடுதான் தெரியும்.

சாதாரணச் செம்பு வயர்

இந்தச் சென்சார் இரண்டு வேறு உலோகக் கம்பிகளை இணைத்துச் செய்தது; அது கே (K) வகை என்றால் மீட்டர்வரை கே வகை வயரே போக வேண்டும். சூடான இன்ஜின் அறையில் செம்பு வயரை முறுக்கி இணைத்தால், அந்த இணைப்பு மீட்டரைவிட எத்தனை டிகிரி சூடோ அத்தனையும் காட்டும் அளவில் குறையும். பிளஸ், மைனஸ் மாறக்கூடாது.

யாரோ சொன்ன வரம்பு

அடுத்த படகுக்காரர் சொன்ன எண் உங்கள் இன்ஜினுக்குப் பொருந்தாது. கம்பெனி புத்தகத்தைப் பாருங்கள். அதிலும் அந்த வரம்பு டர்போவுக்கு முன்னா, பின்னா என்பதைப் படித்துவிட்டே மீட்டரில் சிவப்புக் கோடு போடுங்கள்.